குவேசாருக்கு ஓர் அர்ச்சனை

அர்ச்சுனனைப் பற்றிப் புகழ்ந்து சொல்ல அதிகமில்லை. மலாய் நாட்டில், மந்தின் என்ற ஊருக்கு அப்பால் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் அவன் ரப்பர்ப் பால் லாரி ஓட்டினான். ஒழுங்காக ஓட்டினான்; பள்ளத்தில் இறக்கியதில்லை, பாலைச் சிந்தியதில்லை. பிற்பாடு நீலாயில் தொழிற்சாலை பஸ் ஓட்டியபோதும் அப்படித்தான். ஓட்டுகிற நேரம் போக மீதி நேரத்தில் பேசினான். பேச்சில்தான் அடிக்கடி பள்ளத்தில் இறங்கினான்.

அவனைப் பொய்யன் என்று சொல்ல முடியாது. பார்த்ததைப் பார்த்த அளவோடு விட்டுவிட மனம் வராதவன், அவ்வளவுதான். சிரம்பானில் ஒரு குண்டு ஆளைப் பார்த்தால், தோட்டத்துக்குத் திரும்பி வருவதற்குள் அந்த ஆள் உட்கார்ந்த பஸ்ஸின் டயர் வெடித்திருக்கும். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வான்.

1985இல் அவனுக்கு முப்பத்தொரு வயது. அப்பா, அம்மா இல்லை. அக்கா கல்யாணமாகி மம்பாவில் இருந்தாள். அவனுக்குப் பெண் பார்க்க ஆளில்லாததால் அவனே பார்த்துக்கொண்டான். பார்த்தது மயிலம்மாளை.

மயிலம்மாள் பால் மரம் வெட்டுகிறவள், அதாவது பட்டையைக் கீறி ரப்பர்ப் பால் எடுக்கிறவள். இருபத்தைந்து வயது. அம்மா முத்தாயியோடு கடைசி லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தாள். வாளிகளைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து, நிமிர்ந்த முதுகோடு பால் நிறுக்கும் கொட்டகைக்கு வருவாள். அர்ச்சுனன் எதைச் சொன்னாலும் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது: "பாத்திருக்கேன்." அவன் வெடித்த டயரைச் சொன்னால் அவள் இரண்டு வெடித்ததைப் பார்த்திருப்பாள். கொட்டகையே சிரிக்கும். அர்ச்சுனனும் சிரிப்பான். ராத்திரி அந்தச் சிரிப்பை நினைத்துப் படுக்கையில் புரண்டுகொண்டிருப்பான்.

ஒரு நாள் எல்லோர் முன்னிலையிலும் கேட்டேவிட்டான்.

"மயிலு, நீ பாக்காதது ஒண்ணுமே இல்லியா?"

"இந்த எஸ்டேட்டுலயா? இல்ல."

"நான் காட்டினா?"

"காட்டு. கீழ இருந்தாலும் சரி, மேல இருந்தாலும் சரி. நான் பாக்காதது ஒண்ணக் காட்டிட்டா உன்னையே கட்டிக்கறேன், போ."

ராக்கம்மா என்ற நடுத்தர வயதுக்காரி தன் வாளியைத் தரையில் நங்கென்று வைத்தாள். "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா? நான் சாட்சி லா!"

அதற்குப் பிறகு அர்ச்சுனன் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதலில் வெள்ளை மைனா ஒன்றைக் கூண்டோடு கொண்டு வந்தான். "பாத்திருக்கேன். கோயில் பின்னால கூடு கட்டியிருந்துச்சே." ஒட்டிப் பிறந்த ரம்புத்தான் பழங்களைக் கொண்டு வந்தான். "எங்க வீட்டு மரத்துல வருசா வருசம் காய்க்குது." கடைசியாக ஓர் எறும்புத்தின்னியைச் சாக்கில் பிடித்து வந்தான். அது சாக்கைக் கிழித்து லாரி இருக்கைக்கு அடியில் போய்ப் பந்தாகச் சுருண்டுகொண்டது. மயிலம்மாள் குனிந்து பார்த்தாள்.

"ஐயோ, இது எங்க மர நிரையில திரியறதுதான். அத எதுக்குத் தூக்கிட்டு வந்த? கொண்டுபோய் விடு!"

பாதி மத்தியானம் அந்தப் பந்தைக் கிளப்புவதிலேயே போயிற்று. கிளப்பி, பத்திரமாகக் கொண்டுபோய், அவளுடைய நிரையிலேயே விட்டுவிட்டு வந்தான். ராக்கம்மா அவனைக் கண்டபோதெல்லாம், "இன்னிக்கு என்ன லா, யானையா?" என்று கேட்டாள்.

இப்படி இருக்கையில் அவனுடைய கைக்கடிகாரம் நின்றுபோயிற்று. மந்தினில் சோங் என்ற சீனக் கிழவர் கடிகாரக் கடை வைத்திருந்தார். தவுக்கே, அதாவது முதலாளி, என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். நாற்பது வருடம் தோட்டத்து ஆட்களுக்குக் கடிகாரம் விற்றதில் ஒரு மாதிரித் தமிழும் அவரிடம் சேர்ந்திருந்தது. கடைச் சுவரில் ஒரு கறுப்புப் படம் மாட்டியிருந்தது. கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள். அதில் ஒரு புள்ளிக்கு மட்டும் அம்புக்குறி.

"தவுக்கே, இது என்ன, ஈ எச்சமா?"

சோங் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்தார். இந்தக் கேள்விக்காகப் பல வருடம் காத்திருந்தவர் போல நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பாக்க பிந்தாங் மாதிரி. ஆனா பிந்தாங் இல்ல. பேரு குவேசார்."

நட்சத்திரம் போலத் தெரியும், ஆனால் நட்சத்திரம் அல்ல. அர்ச்சுனன் உட்கார்ந்தான்.

சோங் சொன்னது இவ்வளவு. வானத்தில் ஓரிடத்திலிருந்து வானொலி இரைச்சல் வந்துகொண்டிருந்தது. எந்த இடம் என்று சரியாகத் தெரியவில்லை. 1962 ஆகஸ்டு ஐந்தாம் தேதி சந்திரன் அதற்குக் குறுக்கே போனபோது, இரைச்சல் எப்போது நிற்கிறது, எப்போது திரும்புகிறது என்று ஆஸ்திரேலியாவில் கவனித்து இடத்தைக் குறித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இருந்தது ஒரு சாதாரணப் புள்ளி. அதன் வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தபோது, அதிலிருந்த கோடுகள் இன்னதென்று யாருக்கும் பிடிபடவில்லை. பிறகு ஒருவருக்குப் பளிச்சென்று பட்டது. எல்லாம் பழகிய கோடுகள்தான்; மொத்தமாகச் சிவப்புப் பக்கம் நகர்ந்து போயிருந்தன. அப்படியானால் அது நம்மை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. நொடிக்கு நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கும் மேல்.

"புரியுதா? லோரி ஹோர்ன் மாதிரி," என்றார் சோங்.

அர்ச்சுனனுக்கு உடனே புரிந்தது. ஹார்னை அழுத்திக்கொண்டே லயத்தைக் கடந்தால், நெருங்கும்போது ஒரு சுருதி, தாண்டிப் போகும்போது இறங்கின சுருதி. வீட்டுக்குள் இருக்கும் குழந்தைகூட லாரி வருகிறதா போகிறதா என்று சொல்லிவிடும். இது போகிற லாரி.

அது எவ்வளவு தூரம் என்று கேட்டான். இன்றைக்கு நம் கண்ணில் படுகிற வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி இருநூறு கோடி வருடத்துக்கும் மேல் ஆகிறது என்றார் சோங். நூறு பால்வீதியைச் சேர்த்துக் கொளுத்தினாலும் அந்த வெளிச்சம் வராது. ஆனால் இடமோ சின்னது. சில மாதங்களுக்குள்ளேயே அது மங்குகிறது, பிரகாசிக்கிறது. பெரிய பொருளால் அப்படிச் சட்டென்று மாற முடியாது.

அர்ச்சுனனுக்குக் காது சூடாகிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, தான் ஒன்றும் சேர்க்கத் தேவையில்லாத ஒரு கதை அவனுக்குக் கிடைத்திருந்தது.

"பாக்க முடியுமா தவுக்கே?"

சோங் பின்கட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே ஆள் உயரத்தில் ஒரு தகரக் குழாய்த் தொலைநோக்கி. அதன் அடியில் அவரே இரண்டு வருடம் தேய்த்துச் செய்த, சாப்பாட்டுத் தட்டு அகலக் கண்ணாடி. "இதுல தெரியும். சின்னதா. இருட்டு வேணும், நிலா கூடாது. இந்த அமாவாச நல்லது."

"எந்தப் பக்கம் இருக்கு?"

சோங் விரலால் கூரையைக் காட்டினார். "ஜூன் மாசம் இருட்டினா, உன் எஸ்டேட்டுக்கு நேரா தலைக்கு மேல."

கீழ இருந்தாலும் சரி, மேல இருந்தாலும் சரி என்று அவள் சொன்னது அர்ச்சுனனுக்கு ஞாபகம் வந்தது. அமாவாசை அன்றைக்குக் குழாயோடு தோட்டத்துக்கு வர சோங்கைச் சம்மதிக்க வைத்து, கடிகாரத்தை மேசையிலேயே விட்டுவிட்டு லாரிக்கு ஓடினான்.

பாதி வழியில்தான் பயம் பிடித்தது. மங்குகிறது, பிரகாசிக்கிறது என்றாரே. அந்த அமாவாசை அன்றைக்குப் பார்த்து மங்கித் தொலைத்தால்? லாரியில் கோளாறு என்றால் அவனால் பார்த்துக்கொள்ள முடியும். இதற்கு என்ன செய்வது? தோட்டத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் செய்கிற ஒரு காரியம் இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை, தேங்காய் பழத் தட்டோடு மாரியம்மன் கோயிலில் போய் நின்றான்.

ராமசாமிப் பண்டாரம் தட்டை வாங்கினார். "யார் பேருக்கு?"

"குவேசார்."

பண்டாரம் நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ புதுமோஸ்தர் பெயர்களைப் பார்த்தவர். "கோத்திரம்?"

"தெரியாது சாமி."

"அப்ப சிவகோத்திரம். நட்சத்திரம்?"

"நட்சத்திரம் இல்ல சாமி. நட்சத்திரம் மாதிரி."

"தம்பி, பின்னால ஆள் நிக்குது. ஜென்ம நட்சத்திரம் என்ன?"

அர்ச்சுனன் தலையைச் சொறிந்தான். "பொறந்து இருநூறு கோடி வருசம் இருக்கும். கண்டுபிடிச்சது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து ரெண்டு, ஆகஸ்டு அஞ்சு. சந்திரன் அதுக்குக் குறுக்க போச்சாம்."

இதில் முதல் பாதியைப் பண்டாரம் காதில் வாங்கவில்லை. இரண்டாவது பாதி அவருடைய தொழில். சந்திரன் எந்த நட்சத்திரத்தில் நின்றதோ அதுதான் ஜென்ம நட்சத்திரம். பழைய பஞ்சாங்கக் கட்டிலிருந்து சுபகிருது வருடத்தை உருவி, ஆடி மாதத்தைப் புரட்டினார். "அஸ்தம். கன்னி ராசி. நல்ல ஜாதகம், போ."

வெள்ளிக்கிழமையானதால் ஒலிபெருக்கி போட்டிருந்தார்கள். பண்டாரத்தின் குரல் கோயிலைத் தாண்டி, பாடாங் என்கிற விளையாட்டுத் திடலைத் தாண்டி, கடைசி லயம் வரை போயிற்று: "சிவ கோத்ரே, அஸ்த நட்சத்திரே, கன்யா ராசௌ, குவேசார் நாமதேயஸ்ய..."

கல்யாணமாகாத ஓர் ஆண், தன் பெயரும் இல்லாமல், தன் வீட்டார் பெயரும் இல்லாமல், ராசி நட்சத்திரத்தோடு வேறொரு பெயருக்கு அர்ச்சனை செய்கிறான் என்றால் தோட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அர்ச்சனைத் தட்டு திரும்பி வருவதற்குள் ஊர் அதைப் படித்து முடித்துவிட்டது. மறுநாள் கொட்டகையில் மற்ற விவரங்களும் தயாராக இருந்தன. பெண்ணுக்கு வயது இருபத்திரண்டு. பஞ்சாங்கம் புரட்டியதை ராக்கம்மா பக்கத்தில் நின்று பார்த்திருந்தாள். பெயரைப் பார்த்தால் சீனப் பெண். சோங் கடைக்கு அவன் போனது எதற்கு? கடிகாரம் பார்க்கவா?

அர்ச்சுனன் லாரியை விட்டு இறங்கியபோது கொட்டகை கப்பென்று அடங்கியது. மயிலம்மாள் வாளியைத் தராசில் வைத்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"டிரைவருக்கு வாழ்த்து."

"எதுக்கு?"

"என்னைவிட மூணு வயசு சின்னவளாமே."

"யாரு?"

"அதான், கன்னி ராசி."

அர்ச்சுனனுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. "ஐயோ, அது பொண்ணு இல்ல!"

"பின்ன?"

"நட்சத்திரமும் இல்ல!"

"பொண்ணும் இல்ல, நட்சத்திரமும் இல்லன்னா சினிமாக்காரிதான்," என்றாள் ராக்கம்மா.

"ரொம்பத் தூரத்துல இருக்கு அக்கா. இன்னும் தூரமாப் போய்க்கிட்டே இருக்கு."

"உன்னைப் பாத்துட்டுத்தான் ஓடறாளா?"

கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. மயிலம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் பாலைத் தொட்டியில் ஊற்றிய வேகத்தில் அது அவன் சட்டை மேல் தெறித்தது. அவள் கை தவறி அவன் இதற்குமுன் பார்த்ததில்லை. உலகத்தில் என்னவெல்லாமோ நடக்கிறது; ஆனால் மயிலம்மாளுக்குக் கோபம் வந்திருக்கிறது, தன்னால்!

"செவ்வாக்கிழம அமாவாச. பொழுது சாஞ்சு இருட்டினதும் பாடாங்குக்கு வா. காட்டறேன்."

"நான் எதுக்கு வரணும்?"

"பந்தயம் உன்னோடதுதான?"

வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றதும் அவள்தான். தலைசீவிப் பூ வைத்திருந்தாள்; எதிரியைப் பார்க்கப் போகும்போது எப்படிப் போக வேண்டுமோ அப்படி. முத்தாயி பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். "அமாவாச அன்னிக்குப் பூ வெச்சுக்கிட்டு இருட்டுல..." என்று முணுமுணுத்தபடியே விரித்து உட்கார்ந்தாள்.

"வாங்க அத்தை," என்றான் அர்ச்சுனன்.

"யாருக்கு யாருடா அத்தை?"

தகரக் குழாயை மெத்தைகளுக்கு நடுவில் வைத்து லாரியில் கொண்டுவந்திருந்தான். பாலைச் சுமந்து வருவதைவிட மெதுவாக ஓட்டி வந்திருந்தான். பாடாங் விளக்கை அணைக்கச் சொன்னார்கள். வானம் அன்றைக்கு மேகமின்றி இருந்தது. சோங் குழாயை அண்ணாந்து நிறுத்தி, ஒரு வரைபடத்தைச் சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சில் பார்த்து, குழாயை விரல் அளவு நகர்த்தி, மறுபடி பார்த்து, அவர் பாஷையில் யாரையோ திட்டி, மறுபடி நகர்த்தினார். கூட்டம் கடலை தின்றது. எட்டரையைத் தாண்டியபோது "அடா!" என்றார். மலாயில் இருக்கிறது என்று அர்த்தம்.

வரிசையாக வந்து பார்த்தார்கள்.

"எங்க லா? எல்லாம் புள்ளியா இருக்கு."

"நடுவுல, சாய்சதுரம் மாதிரி நாலு இருக்குதா? அதுக்குப் பக்கத்துல."

"இந்தப் பொடிசா?"

ராக்கம்மா கவிழ்த்த வாளி மேல் ஏறி ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். "இதுக்கா தேங்கா ஒடைச்ச?" என்று கேட்டுவிட்டு இறங்கினாள். டிவியில் தமிழ்ப் படம் போடும் நாள் அது. ஒருவர் கிளம்பியதும் இருவர் கிளம்பினார்கள். பிறகு மொத்தமாகப் போய்விட்டார்கள். சாட்சி சொன்ன ராக்கம்மாவும் போய்விட்டாள்.

மயிலம்மாள் வாளி மேல் ஏறினாள்.

நெடுநேரம் பார்த்தாள். அர்ச்சுனன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னான். சந்திரன் குறுக்கே போனது, ஹார்ன் சுருதி, நூறு பால்வீதி, இருநூறு கோடி வருடம். மூச்சு விடாமல் சொன்னான். எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டுவதற்கு அதில் இடமில்லை.

"இதுதான் உன் கன்னி ராசியா?"

"இதேதான்."

"அழகாத்தான் சொல்ற," என்றாள் அவள், கண்ணை எடுக்காமல். "ஆனா எனக்குத் தெரியறது ஒரு புள்ளி. பக்கத்துல இருக்கறதும் புள்ளி. நான் தினம் இருட்டுல எந்திரிச்சு மரம் வெட்டப் போறவ. நட்சத்திரம் பாத்திருக்கேன். நீ சொல்றதெல்லாம் எங்க இருக்கு? தூரம் தெரியல. ஓடறது தெரியல. சிவப்புக் கோடு தெரியல. அதெல்லாம் நான் கேக்கறேன். பாக்கல."

அர்ச்சுனன் வாயைத் திறந்தான். தெரியுது பாரு, உத்துப் பாரு, லேசா நீலமா இல்ல? என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வேறு எந்த நாளாக இருந்தாலும் சொல்லியிருப்பான். ஆனால் அவள் சொன்னது அவனைப் பிடித்து நிறுத்திவிட்டது. அந்தப் புள்ளியில் அதிசயமாக இருப்பது எதுவும் கண்ணுக்குப் படுவதில்லை. கண்ணுக்குப் படுவதில் அதிசயம் எதுவும் இல்லை. கோடுகள் நகர்ந்ததைப் பார்த்தவர்களும் கோடுகளைத்தான் பார்த்தார்கள். இதை இத்தனை நாள் தான் யோசிக்கவே இல்லை என்பது அவனுக்கு வெட்கமாக இருந்தது. யோசித்தவள் அவள் என்பது சந்தோஷமாக இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் சிரித்துவிட்டான்.

"இப்ப அது அங்கதான் இருக்கா?" என்று கேட்டாள்.

"தெரியாது. வெளிச்சம் கெளம்பினப்ப இருந்துச்சு. இப்ப என்னாச்சோ, சோங் தவுக்கேக்கே தெரியாது."

"அப்ப?"

"அப்ப நான் காட்டல மயிலு. காட்ட முடியாது போல." வாளிப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தான். "தோத்துட்டேன்."

இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. அந்தக் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது, சிரிப்பை அடக்குகிறவளுக்கு வருகிற நடுக்கம்.

"ஜெயிச்சா நான் உன்னைக் கட்டிக்கறேன்னு சொன்னேன். தோத்தா என்னன்னு சொன்னனா?"

"சொல்லலியே."

"தோத்தா நீ என்னைக் கட்டிக்கணும்."

சோங்குக்கு இது பாதி புரிந்திருக்க வேண்டும். டார்ச்சை அணைத்துவிட்டு லாரிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். பாயிலிருந்து முத்தாயியின் குரல் வந்தது.

"ஏண்டி, ஜெயிச்சாலும் அதுதான், தோத்தாலும் அதுதான்னா, இந்தத் தகரத்த எதுக்குடி இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்தான்?"

"சும்மா இரும்மா!"

"நான் ஏன் சும்மா இருக்கணும்? மாப்பிள்ள, கொசு கடிக்குது, சீக்கிரம் வீட்டுக்குப் போற வழியப் பாருங்க."

மாப்பிள்ளை என்ற சொல்லைக் கேட்டு அர்ச்சுனன் எழுந்திருக்கப் போய், குழாயின் மரக்காலில் முட்டியை இடித்துக்கொண்டான். வலி தெரியவில்லை. மயிலம்மாள் மறுபடி கண்ணை வைத்தாள்.

"ஐயோ, காணோமே! நீ இடிச்சதுல போயிருச்சு!"

"இடிச்சதுல மட்டும் இல்ல. பூமி சுத்துதுல்ல, நாமதான் நகர்ந்துட்டோம். இரு, தள்ளறேன்." குழாயை ஒரு மயிரிழை மேற்கே தள்ளினான். "வந்துச்சா?"

"வரல."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்... அதிகமாயிருச்சு, திரும்பு... நில்லு, நில்லு! இந்தா இருக்கு. தொடாத!"

அடுத்த நிமிடமே அது மறுபடி நழுவியது. அவள் சொல்ல, அவன் தள்ளினான். முத்தாயி பாயைச் சுருட்டிக்கொண்டு, சோங்கைக் கூப்பிட்டு இவர்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள். மந்தின் பக்கமிருந்து மேகம் ஏறி வந்து வானத்தை மூடும்வரை இருவரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.